துடைத்த தட்டு

இத்தாலியின் திரியெஸ்தே நகரிலிருந்து அக்காவும் தம்பியும் பழைய நகரங்களைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். வியன்னாவின் பெரிய உணவகத்தில், வீட்டில் செய்வதுபோலவே, துல்லியோ ரொட்டித் துண்டால் தட்டை வழித்துத் துடைத்தான். பக்கத்து மேசைகள் திரும்பின.

"உங்களோட வந்தவரா?" என்றார் பரிமாறுபவர்.

ஓர்னெல்லா கூசிப்போய், "யாருன்னே தெரியாது" என்றாள்.

"அடிப்பாவி அக்கா!" துல்லியோ சிரித்தான்.

பிராக் நகரில் இருவருக்கும் ஒரே தட்டுதான் வந்தது. கிராக்கோவ் விடுதியில் ஒரே படுக்கை. "இவன் என் தம்பி" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். அவர்களோ தங்கள் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்த நாற்காலியைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

"விடுக்கா, உன் தட்டுலயே துடைச்சுக்கறேன்."

வீட்டில் அம்மா அவளை மட்டும் கட்டிக்கொண்டாள். "ஒத்தப் பிள்ளைய தனியா அனுப்பிட்டு எப்படித் தவிச்சேன் தெரியுமாடி?" என்றபடி ஒரு தட்டு வைத்தாள்.

ஓர்னெல்லா தலை நிமிராமல் அதைத் தம்பி பக்கம் நகர்த்தினாள். நிமிர்ந்தபோது நாற்காலியில் யாரும் இல்லை. தட்டு பளபளத்தது.