கை மட்டும்தான் படத்தில்

கிடாரி விட்ட உதையில் நாற்காலிக்காரர் தன் நாற்காலிகள் மீதே போய் விழுந்தார்.

அது மாட்டுக்கொட்டகை இல்லை. விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைக்கும் கிடங்கு. நோய்க்காலத்தில் நொடித்துப்போன பால் பண்ணைகளுக்கு அரசு நிவாரணம் என்ற அறிவிப்பு வந்த வாரமே நாற்காலிகள் ஓர் ஓரமாக ஒதுங்கின. வாசலில் 'பால் பண்ணை' என்று பலகை ஏறியது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

பார்வையிட வந்த அதிகாரிக்குப் பால் கறக்கும் படம் ஒன்று வேண்டுமாம். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

வேலிக்கு இந்தப் பக்கம் என் முறைக்காகக் காத்திருந்த என்னை நாற்காலிக்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க கொஞ்சம் உக்காருங்க. கை மட்டும்தான் படத்துல விழும்."

அது இன்னும் ஒரு கன்றுகூட ஈனாத கிடாரி. மடியே இறங்கவில்லை. அதில் பால் கறக்கச் சொல்கிறார் ஒருவர், படம் எடுக்க நிற்கிறார் இன்னொருவர். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போனது?

வாயைத் திறந்திருப்பேன். ஆனால் அதிகாரியின் பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது. பால் வண்டி நாற்பது நாள் வராமல், கறந்ததையெல்லாம் சாக்கடையில் ஊற்றி, மாடுகளை ஒவ்வொன்றாக விற்றவள் நான். நிவாரணம் வந்தால் ஒரு கறவை மாடு வாங்கலாம். இவரைப் பகைத்துக்கொண்டால் அதுவும் போகும்.

உட்கார்ந்தேன். கிடாரி என்னை உதைக்கவில்லை.

நாற்காலிக்காரர் பல்லால் கடித்து ஒரு பால் பாக்கெட்டைப் பிரித்து வாளியில் ஊற்றினார். போதாது என்று இன்னொன்று. அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொள்ளவாவது செய்வார் என்று பார்த்தேன். மனிதர், வாளியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைக்கச் சொன்னார்.

ஒரு சொட்டும் வராத காம்பைப் பிடித்துக்கொண்டு நான் இருக்க, மூன்று படம் எடுத்தார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு கேவலமாக நான் ஒரு மாட்டின் அடியில் உட்கார்ந்ததில்லை.

கையெழுத்தானது. முத்திரை விழுந்தது. குளிர்பானம் வந்தது, அதிகாரிக்கு மட்டும்.

படம் முடிந்த பிறகு பால் பண்ணைக்கு மாடு எதற்கு? நாற்காலியில் சாணி பட்டுவிடும் என்று கழுத்துக் கயிற்றை அவிழ்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டி கிடாரியை வெளியே துரத்தினார் நாற்காலிக்காரர்.

நான் குழாயடியில் கையைக் கழுவி, மூன்று வருடம் சங்கத்துக்குப் பால் ஊற்றிய கணக்கு அட்டையை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் அதிகாரி என் கொட்டகைக்குள் நின்றிருந்தார். பார்ப்பதற்கு ஐந்து காலித் தொட்டிகளைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில் எதையோ முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டையை நீட்டினேன். வாங்கவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரர் மாட்ட ஓட்டிட்டு வந்து நிறுத்திக்கிட்டு நிவாரணம் கேக்குறீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?"

என் விண்ணப்பத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக இருந்தது. அந்த வேலை மட்டும் அவருக்குச் சுத்தமாக வருகிறது.

சுவரோரம், மூன்றாவது தொட்டியருகில் நின்றிருந்தது கிடாரி. அதை யாரும் ஓட்டி வரவில்லை. அவிழ்த்து விட்டதும் நேராக வந்திருக்கிறது.

ஐந்தில் முதலில் விற்றது அதைத்தான். மற்ற நான்கும் பட்டினி கிடக்கக் கூடாது என்று, கன்றாக இருக்கும்போதே, இரண்டு மூட்டைத் தீவனத்துக்கு நாற்காலிக்காரரிடம் கொடுத்தேன்.

பிறந்த இடத்தை அது மறக்கவில்லை. காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.