கேமராவுக்கு நெற்றி

“யம்மா, கேமராவுக்கு நெத்தி எது?”

புதுக் கேமரா வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை சுஷ்மிதா இப்படிக் கேட்டாள். ஐந்து வயது. சாமி படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டியாயிற்று. சந்தனக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அம்மா பரிமளா சிரித்துவிட்டு, பால் பொங்குகிறதென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை ஆறேகாலுக்கு, பெருமாளுக்குத் தினமும் கல்யாணம் நடக்கிற திருவிடந்தைக் கோயில் வாசலில் நின்றபோது அந்தக் கேள்வி அவள் நினைவிலேயே இல்லை. நினைவெல்லாம் கேமராவோடு வந்த புது லென்ஸ்.

ஒரு படமும் கூர்மையாக விழவில்லை. முகம் இருந்தது, கண் இருந்தது, கண்ணில் உயிர் இல்லை. எல்லாவற்றின் மேலும் மல்லுத்துணி போர்த்தியது போல மெத்தென்று கிடந்தது.

ஐந்து நாளாக என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். கை நடுக்கமாக இருக்கும் என்று ஷட்டர் வேகத்தை ஏற்றினாள். ஸ்டாண்டில் நிறுத்தி, சுவரில் செய்தித்தாளை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். ஆட்டோ போகஸை அணைத்துவிட்டுக் கையால் திருப்பினாள். தலைப்புச் செய்திகூடப் புகைந்துதான் வந்தது.

பழைய லென்ஸை மாட்டினால் பொடி எழுத்தும் பளிச்சென்று விழுந்தது. ஆக, கோளாறு புது லென்ஸில்.

கடைக்காரரிடம் போனில் சண்டை போட்டாள். கடையில் எடுத்துப் பார்த்தபோது நன்றாகத்தானே இருந்தது என்றார் அவர். அனுப்பிவைத்தால் சரிபார்த்துத் திரும்பி வர மூன்று வாரம்.

மூன்று வாரத்துக்கு எங்கே போவது? ஏழு வருஷம் அடுத்தவர் எடுத்த கல்யாணங்களுக்கு லைட் பிடித்தவள். அவளை நம்பி ஒரு வீட்டார் கொடுத்த முதல் கல்யாணம் இது. முகூர்த்தம் ஏழரைக்கு. கோயிலை ஒட்டிய மண்டபத்தில் வெளிச்சம் போதாது, பழைய லென்ஸ் அங்கே திணறும். இன்று சொதப்பினால் மறுபடியும் லைட் பிடிக்கத்தான் போக வேண்டும்.

அவள் புருஷன் நீலமேகம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தான். கோவளத்தில் படகு வைத்திருப்பவன். அவளுக்காக அன்று கடலுக்குப் போகவில்லை.

“இன்னாமே, பெருமாள் வாசல்ல வந்து மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? இரு, டீ வாங்கியாறேன்.”

அவன் போனான். அப்போதுதான் கடல் பக்கமிருந்து வெயில் வந்தது. தரையோடு தரையாகச் சாய்ந்து வந்து, மூடி கழற்றியிருந்த லென்ஸின் மேல் பட்டது.

வீட்டு டியூப்லைட்டில் தெரியாதது அந்த வெயிலில் தெரிந்தது.

லென்ஸுக்குக் காப்பாக முன்னால் திருகியிருந்த கண்ணாடியில் மெல்லிய படலம். துணியால் துடைத்த வட்டத் தடம். விளிம்பின் இடுக்கில் மயிரிழை போல ஒரு மஞ்சள்.

நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம்.

மகளைத்தான் முதலில் நினைத்தாள். ஆனால் கண்ணாடி ஓரத்தில் துடைபடாமல் ஒரு விரல் ரேகை இருந்தது. அது சின்ன விரல் இல்லை. ரேகைக்குக் குறுக்கே வெறுமையாக ஒரு கோடு. தூண்டில் முள் கிழித்து ஆறிய தழும்பு. அந்த விரலை அவள் அறிவாள்.

மகளுடைய கேள்விக்கு நீலமேகம்தான் பதில் சொல்லியிருக்கிறான். புதுப் படகு வந்தால் அதன் முன்மூக்கில் சந்தனம் வைப்பான், வழி பார்த்துப் போகிற இடம் என்று. கேமராவில் வழி பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறான். பிறகு, கறை தெரிந்தால் அவள் வருத்தப்படுவாளே என்று தோளில் கிடந்த துண்டால் துடைத்திருக்கிறான்.

மீன் எண்ணெய் ஊறிய துண்டு.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். ஊதி, துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்து, மறுபடி துடைத்து மாட்டினாள். கோபுரத்தில் உட்கார்ந்திருந்த மைனாவை எடுத்தாள். அதன் கண்ணில் வெயில் ஊசிமுனையாக விழுந்திருந்தது.

நீலமேகம் இரண்டு டீயோடு வந்தான். “இன்னா, சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சுங்க. செட்டிங்ல நான்தான் ஒண்ண மாத்தி வச்சிருந்தேன்.”

“அடிப்பாவி! அஞ்சு நாளா அந்தக் கடக்காரன அந்தக் கிழி கிழிச்சியே!” சிரித்த சிரிப்பில் டீ அவன் கையில் கொட்டியது. “இரு, ஊரெல்லாம் சொல்றேன்.”

“சொல்லுங்க” என்றாள். கடைக்காரருக்கும் செய்தி அனுப்பினாள்: மன்னிச்சிடுங்க சார், தப்பு என்னுது.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஊரப்பாக்கத்துப் பக்கம் நெல் விளைந்த வீட்டுப் பெண் அவள். மணலில் காய்ந்துகொண்டிருந்த வலையை, களத்து நெல்லைக் குவிப்பது போலக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாள். விடிந்தபோது அது வலையாக இல்லை. ஒரே சிக்கல், நடுநடுவே எலி கடித்த ஓட்டை. நான்கு பேர் அன்று கடலுக்குப் போகவில்லை.

அவளிடம் அவன், “இன்னிக்கி காத்து சரியில்லமே” என்று மட்டும் சொன்னான்.

யார் செய்தது என்று கேட்ட கூட்டாளிகளிடம், “நாந்தான்” என்றானாம். கடற்கரையில் பிறந்தவனுக்கு வலை காயவைக்கத் தெரியவில்லை என்று ஒரு வருஷம் சிரித்தார்களாம். கூட்டாளியின் மனைவி ஒருத்தி, வெகுநாள் கழித்துப் பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். தெரிந்ததாக அவள் காட்டிக்கொண்டதில்லை.

மண்டபத்தில் மேளம் தொடங்கியது. மஞ்சள் கறை உள்பக்கம் போகும்படி துணியை மடித்துப் பையின் அடியில் வைத்தாள்.

பார்த்தவர் யாருமில்லை. பெருமாள் உள்ளேதான் இருந்தார். தினமும் கல்யாணம் செய்துகொள்கிற அந்த மாப்பிள்ளைக்கு அன்றைக்கும் தன் கல்யாண வேலை இருந்தது.