குலுக்கிய பெட்டி

“ஒரு தட்டு ஒடைஞ்சாலும் ஒனக்குப் பத்துச்சீட்டுதான், வேலை போச்சு. பொண்டாட்டி புள்ளையோட தோட்டத்த விட்டு நட.”

துரை பங்களாவில் சமையல் வேலை பார்க்கும் அப்பு செல்லசாமி இப்படிச் சொல்லிவிட்டு, காகிதத்தில் சுற்றிய தட்டுகளைத் தேயிலை ஆலை மேசையில் வைத்தான். துரை ஆசை ஆசையாகச் சேர்த்த பழங்காலத்துச் சீனத் தட்டுகள். லண்டனில் யாரோ ஒரு சீமான் யானை விலை கொடுத்து வாங்கியிருந்தான்; கப்பலில் அனுப்ப வேண்டும்.

பெட்டி அடிக்கும் பழனியாண்டி ஒரு பொட்டலத்தைப் பிரிக்கப் போனான்.

“கைய எடு. சுத்துனது சுத்துனபடியே வையி. ஒன் பிசின் கை பட்டா நான்தான் பதில் சொல்லணும்.”

பழனியாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்தே அப்புவுக்கு அவனைக் கண்டால் ஆகாது. துரையின் எச்சில் தட்டைக் கழுவுகிறவனுக்குத் துரையைவிட மிடுக்கு.

பெட்டியின் அடியில் மானாப்புல்லைப் பரப்பினான்.

“எதுக்கு இம்புட்டுப் புல்லு? மாட்டுக்குப் படுக்கையா போடுற? போதும்.”

“ஒடைஞ்சா நடக்கப் போறது நான்தானே. நீங்களா நடக்கப் போறீங்க?”

தட்டுகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, சந்துபொந்தெல்லாம் மரத்தூளைக் கொட்டினான். தேயிலைத்தூள் இறுகப் படிவதற்குப் பெட்டியைக் குலுக்கும் மிசின் அங்கே இருந்தது. மரத்தூளும் அப்படிப் படிந்துவிட்டால் தட்டு அசையாது என்று அவனுக்குப் பட்டது.

“மிசின்ல ஏத்தவா?” என்று தயங்கிக் கேட்டான்.

“ஏத்து, ஏத்து. நல்லாக் குலுங்கட்டும்.”

அன்று முழுக்க அப்பு மறுக்காமல் சொன்ன ஒரே பேச்சு அதுதான். மிசின் தடதடவென்று ஆடியது. தூள் இறங்க இறங்க மேலே கொட்டி, இனி இடமில்லை என்றானதும் பழனியாண்டி ஆணி அடித்தான்.

அட்டன் ரயில் ஸ்டேஷனில் கூலிகள் பெட்டியைத் தூக்கி எறிந்தார்கள். பழனியாண்டி ஓடிப்போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். இன்னும் கொழும்புத் துறைமுகம், கப்பல், கடல் எல்லாம் பாக்கி.

“போச்சு போ. சட்டி பானையக் கட்டி வையி,” என்றான் அப்பு, வெற்றிலையை மென்றபடி.

சில மாதம் கழித்துத் துரை கூப்பிட்டனுப்பினார். லயத்து வீட்டில் மனைவி பூரணி அழ ஆரம்பித்துவிட்டாள். பங்களா வாசலில் தலைத்துண்டை அவிழ்த்துப் பிடித்தபடி நின்ற பழனியாண்டியை, துரைக்குத் தேநீர் கொண்டுவந்த அப்பு ஏளனமாகப் பார்த்தான்.

“லண்டன்லேருந்து சேதி வந்தாச்சு,” என்றார் துரை. “ஒண்ணுகூட ஒடையல.”

பழனியாண்டிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டது வீண்போகவில்லை.

பக்கத்தில் சலீரென்று சத்தம் கேட்டது. அப்புவின் கையிலிருந்த கோப்பை தரையில் சுக்குநூறாகக் கிடந்தது.

துரை கோப்பையைப் பார்க்கவில்லை. அப்புவைத்தான் பார்த்தார்.

“எல்லாம் கடைத்தெருத் தட்டாம். என்னோட தட்டு எங்க, அப்பு?”