மயிலுக்குப் பின்னால்

கடிதத்தில் ஒரு சதுர ஓட்டை.

அதன் வழியாக அவளுடைய கட்டைவிரல் தெரிந்தது.

"வீட்டைக் காலி செய்துவிட்டோம். அவருக்குத் தில்லிக்கு மாற்றல். பதில் போடாதே, நேரில் வா. விழுப்புரத்தில் ரயில் பகல் பதினொன்று இருபதுக்கு வரும். பத்து நிமிடம்தான் நிற்கும். வருகிற"

அதற்கப்புறம் ஓட்டை.

ஓட்டைக்குக் கீழே, "ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்."

அக்கா எழுதியது. ஆறு வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, அவளே இறங்கி வந்து எழுதியது.

என்றைக்கு?

கணவர் ஊஞ்சலில் ஆல்பத்தோடு இருந்தார். நாயும் பறவையும் உள்ள தபால்தலையாகச் சேர்க்கிறவர். இடப்பக்கம் நாய்கள், வலப்பக்கம் பறவைகள். போலந்து நாய்க்கு நேர் எதிரே, பசை காயாமல், புது மயில். இன்லண்டு கடிதத்திலேயே அச்சடித்து வருகிற மயில்.

தபால்காரர் அவரிடம்தான் கொடுத்திருக்கிறார். பிரித்தவர் படிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார்.

மயிலுக்குப் பின்னால் ஒரு மனுஷியின் கையெழுத்து இருக்குமே என்று தோன்றவில்லை. நாலு ஓரமும் கோணாமல் வெட்டத் தோன்றியிருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பிச்சுக் குடுங்க."

"பிச்சா கிழிஞ்சிடும். தண்ணியில ஊறப் போட்டாத்தான் வரும்."

"போடுங்க."

அவர் கடிதத்தைப் பார்த்தார். பேனா மை. முதல்முறையாக அவர் முகம் தொங்கியது.

"மை கரைஞ்சிடுமே."

அவள் ஆல்பத்தின் அந்தப் பக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மயில்தான் தெரிந்தது. தோகையை விரித்துக்கொண்டு நன்றாகத்தான் நின்றது, சனியன்.

மணி பத்தரை. இன்றைக்காகவும் இருக்கலாம்.

புடவையை மாற்றவில்லை. முகம் மட்டும் கழுவிக்கொண்டாள். அடுப்பில் பாதி வெந்த சோற்றை அப்படியே இறக்கி வைத்தாள். அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

செருப்பை மாட்டினாள். திரும்பி வந்து ஆல்பத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

அவர் ஊஞ்சலைவிட்டு எழுந்தேவிட்டார். "அத எதுக்கு எடுத்துட்டுப் போற?"

"அவ வர்ற வரைக்கும் தினமும் போகணும்ல? பிளாட்பாரத்துல போட்டு உக்கார ஏதாச்சும் வேணும்."