அந்த ஒற்றை ஓட்டு

“டீயைக் குடிச்சிட்டு மெதுவாவே ஆரம்பிப்போம் அண்ணே. உங்க பெட்டியில எண்ணுறதுக்கு என்ன இருக்கு?”

எதிர்க்கட்சி முகவராக வேறு பேட்டையிலிருந்து வந்திருந்த பெரிஹானே ஆளும் கட்சி முகவரிடம் இப்படிச் சொன்னதும் வகுப்பறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இஸ்தான்புல்லின் கடைக்கோடியில் இருக்கும் கவக்டெபே, ஆளும் கட்சியின் கோட்டை. நகராட்சித் தேர்தலில் இந்தப் பெட்டியில் எதிர்க்கட்சிக்கு விழுவது எப்போதும் ஒரே ஒரு ஓட்டு. இருபது வருடங்களாக அது இரண்டானதில்லை.

அந்த ஆள் யார் என்று பேட்டையே தேடியது. மருந்துக்கடைக்காரர் என்றார்கள்; அவர் வீடு மாறிப் போன பிறகும் ஓட்டு விழுந்தது. கணக்கு வாத்தியார் என்றார்கள். அவர் இறந்த பிறகும் விழுந்தது. தேடியவர்களில் ஒருவர் நெஜாதி, ஆளும் கட்சியின் முகவர். கட்சியின் வட்டாரத் தலைவர் அவருடைய மைத்துனர். நகராட்சிப் பூங்காவில் நெஜாதிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். தேர்தல் அலுவலராக வந்திருந்த ஆசிரியை உறைகளைப் பிரித்து, சீட்டை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டிப் படித்தார்.

முதல் சீட்டு எதிர்க்கட்சிக்கு.

“நம்ம ஆளு வந்துட்டாரு. நான் வீட்டுக்குக் கிளம்பலாம்,” என்றாள் பெரிஹான். மறுபடியும் சிரிப்பு.

இரண்டாவதும் எதிர்க்கட்சிக்கு. மூன்றாவது ஆளும் கட்சிக்கு விழ, அடுத்த நான்கும் எதிர்க்கட்சிக்கே போயின. சிரிப்பு நின்றது. ஐம்பதைத் தாண்டியபோது பெரிஹானே குறிப்பதை மறந்து, ஒவ்வொரு சீட்டையும் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கூடியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் வாடகை என்றார், இன்னொருவர் வெங்காய விலை என்றார். புது அடுக்குமாடிக்காரர்கள் செய்த வேலை என்று ஒருவர் முணுமுணுக்க, இந்தப் பெட்டியில் பழைய தெருக்காரர்கள் மட்டும்தான் என்று ஆசிரியை பட்டியலைக் காட்டினார்.

நெஜாதியின் மைத்துனர் போனில் கத்துவது பக்கத்து நாற்காலிவரை கேட்டது. நெஜாதி போனை அணைத்துவிட்டார்.

கடைசி உறையும் பிரிந்தது. ஆளும் கட்சிக்கு நூற்று முப்பது. எதிர்க்கட்சிக்கு நூற்று அறுபத்தெட்டு.

மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்கள். நெஜாதி மட்டும் நிறைந்த கண்களோடு சீட்டுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிஹானுக்குப் பாவமாக இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அருகில் உட்கார்ந்தாள்.

“விடுங்க அண்ணே. அடுத்த தடவை உங்க பக்கம் திரும்பும்.”

“நூத்தி அறுபத்தேழு பேரும்மா,” என்றார் அவர், பள்ளிவாசலில் பேசுவதுபோல் தணிந்த குரலில். “எல்லாரும் இதே தெருக்காரங்க. தினம் சலாம் சொல்லிட்டுப் போறவங்க. ஒருத்தரையும் தெரியாமப் போச்சே.”

“அறுபத்தெட்டு அண்ணே. ஒண்ணை விட்டுட்டீங்க.”

“அது யாருன்னு எனக்குத் தெரியும்மா.” அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். “இருபது வருஷமா அதைப் போடுறது நான்தான்.”