இருளம்மாளுக்குப் பிடிக்காதவை

"செத்தவளப் பத்திச் சிரிக்காதீக சார். அவ கழுத்தப் பிடிக்கிறது எங்களத்தான், ஒங்கள இல்ல."

"கழுத்தப் பிடிக்காளாம்ல கழுத்த. சீசன் நேரத்துல சும்மா இருக்க ஒங்களுக்கு ஒரு பேய் கேக்குதா? நாளைக்கு நா சொல்ற ஆளுக அம்புட்டுப் பேரும் ஏழாம் நம்பர் ரூமுல உக்காரணும். இல்லன்னா பதினாறு பேரும் வீட்டப் பாத்துப் போங்க."

பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்ற செந்தூர்பாண்டிக்குச் சண்டை முழுவதும் கேட்டது. அவரை வரச்சொன்னதே அந்த மேனேஜர் மணிகண்டராஜ்தான்.

செந்தூர்பாண்டிக்குச் சாத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. பேய், பிசாசு என்று எங்கே பேச்சு கிளம்பினாலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் விசாரித்து முகநூலில் எழுதுவார். இதுவரை நாற்பத்தொரு பேய். நாற்பத்தொன்றும் பொய். மல்லாங்கிணற்றில் கிணற்றுக்குள் அழுத பெண், கடைசியில் எண்ணெய் காணாத கப்பி. பேயைச் சொல்லி ஊரை ஏய்ப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பேயின் பெயர் இருளம்மாள். போன வருடம் ஏழாம் நம்பர் அறை வெடித்ததில் இறந்துபோனவள். இப்போது மேனேஜரோடு மல்லுக்கு நின்ற பொன்மணிக்கு மதினி.

வேப்பமரத்தடியில் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். அறையில் ஐந்தாவது ஆள் உட்கார்ந்தால் கழுத்தைப் பிடிக்கிறாளாம். உள்ளே செல்போன் அடித்தால் முடி கருகும் வாடை வருகிறதாம். உச்சிப்பொழுதுக்கு மேல் வெடிமருந்து கலந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாளாம். இரும்புக் கரண்டியை எடுத்தால் கையைத் தட்டிவிடுகிறாளாம். ராத்திரியில் வந்தாளா என்று கேட்டதற்கு, ராத்திரி எதுக்கு வரணும் என்று திருப்பிக் கேட்டாள் ஒருத்தி.

எழுதி முடித்ததும் செந்தூர்பாண்டி நோட்டைப் படாரென்று மூடினார்.

"பதினாறு பேரும் மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறீக. ஒரு சொல்லு மாறல. சொந்த மதினி பேர வச்சு இப்பிடிப் பொய் சொல்ல ஒனக்கு வெக்கமா இல்லையா பொன்மணி?"

பொன்மணியின் கைகள் முழங்கை வரை வெள்ளிப் பவுடரில் மின்னின. அவள் முகம் இறுகியது.

"வெயில்ல வந்திருக்கீக அண்ணாச்சி. கேட்டுப் பக்கம் தொட்டியில தண்ணி இருக்கு. மொகத்தக் களுவிட்டுப் பெறகு ஏசுங்க."

அவர் போய்த் தொட்டியின் தகர மூடியைத் தூக்கினார். தூக்கியவர் அதைக் கீழே வைக்கவில்லை. வெகுநேரம் அதன் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே வந்திருந்தாள் பொன்மணி.

"இத அந்தாளுகிட்டச் சொன்னியா நீயி?"

"மூணு தடவ சொன்னேன். கடைசித் தடவ, ஒரு மாசம் வேலைக்கு வராதன்னுட்டாரு. அந்த மாசந்தான் மதினி போனா. நாங்க சொன்னாத்தான கேக்க மாட்டாக, அவ சொல்லட்டும்னு விட்டுட்டோம்."

செந்தூர்பாண்டி செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். நேராக மேனேஜரிடம் போனார்.

"பேய் இருக்கு."

மணிகண்டராஜ் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நாற்பத்தொன்றையும் பொய் என்று எழுதிய ஆளா இப்படிச் சொல்வது என்று கேட்டார்.

"ஆமா. அதனாலதான் இத எல்லாரும் நம்புவாக. அவளுக்குப் பிடிக்காதத இன்னொரு தடவ செஞ்சீகன்னா, அடுத்து ஒங்க கழுத்தத்தான் பிடிப்பா."

மேனேஜரின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது.

அன்று சாயங்காலம் நாற்பத்திரண்டாவது பதிவு வந்தது. 'இந்தப் பேய் நெசம். படம் கீழ இருக்கு' என்று எழுதியிருந்தார்.

படத்தில் பெண் உருவம் எதுவும் இல்லை. சுவரிலிருந்து கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக்கிய ஒரு தகரப் போர்டு. துருவுக்கு நடுவே நான்கு வரிகள்:

அறைக்கு நான்கு பேர் மட்டும்.
செல்போன் கூடாது.
நண்பகலுக்கு மேல் மருந்து கலக்கக் கூடாது.
இரும்புக் கருவி கூடாது.

அதற்கும் கீழே: 'நாளைக்குள்ள இது செவுத்துக்குப் போகலன்னா கம்பெனி பேரையும் போடுவேன். மத்தக் கம்பெனியில வேல பாக்குறவுகளே, ஒங்க கம்பெனியில இந்தப் போர்டு செவுத்துல இருக்கா, தொட்டி மேல கெடக்கா? ஊர் பேர மட்டும் கீழ எழுதுங்க. இருளம்மா அங்கயும் வருவா.'