பாடியவர் சம்மதம்

“ஏனுங்க, காலையில இருந்து எத்தனை தரம் சொல்றது? பாட்டைக் கேக்கலாம். எடுத்து வெச்சுக்க முடியாது.”

சுசீலா போனை வைக்கப் போனாள். குன்னூரில் அந்தத் தேயிலை அருங்காட்சியகத்துக்கு அவள்தான் பொறுப்பு. கொரோனாவுக்காகக் கதவைச் சாத்தியதும், உள்ளே இருந்த பழைய படங்கள், தோட்டத்து ஆட்களின் குரல்பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு மூச்சாக இணையத்தில் ஏற்றிவிட்டாள். யாரும் வீட்டில் இருந்தே பார்க்கலாம், கேட்கலாம்.

“மேடம், வெச்சுடாதீங்க,” என்றான் மறுமுனையில் இருந்த ரவிச்சந்திரன். “அந்த ஒப்பாரி எனக்குப் போனுக்குள்ள வேணும். நாங்க போற எடத்துல டவர் கிடைக்காது. மத்தியானத்துக்குள்ள வேணும்.”

“ஒப்பாரிக்கு என்னங்க அவ்வளவு அவசரம்? யூட்யூப்ல போடவா?”

“ஐயோ, இல்ல மேடம்.”

“போன மாசம் ஒருத்தரும் இப்படித்தான் கெஞ்சினாரு. பாவம்னு கொடுத்தேன். தாளம் சேர்த்து, தன் பேரைப் போட்டு விட்டுட்டாரு. பாடின அம்மா பேரே அதுல இல்லை.”

“நான் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க. பாடின வேலாயியக்கா எங்க எஸ்டேட் லயத்து வரிசை வீட்லதான், எனக்கு அடுத்த வீடு. அவங்க வந்து…”

“அப்ப சுலபமாப் போச்சு!” சுசீலா ஆளை மடக்கிவிட்ட தெம்பில் நிமிர்ந்தாள். “பாடினவங்க சம்மதம் இல்லாம யாருக்கும் தர மாட்டேன். அடுத்த வீடுதானே? போனை அவங்ககிட்டக் கொடுங்க. ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த நிமிஷமே அனுப்பறேன்.”

சுசீலா கணினியில் அந்தப் பதிவைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டாள்.

“என்னங்க, இன்னும் போனைக் கொடுக்கலையா? அக்கா சம்மதம் தர மாட்டாங்களோ?”

“அவங்க பேச மாட்டாங்க மேடம். விடியக்காலையில ஆஸ்பத்திரியில முடிஞ்சு போச்சு. கொரோனா. மத்தியானம் அடக்கம்.”

சுசீலா அந்த நிமிஷமே ஒப்பாரியை அவன் எண்ணுக்கு அனுப்பினாள். வந்து சேர்ந்துவிட்டதாக அவன் சொன்னபிறகு கேட்டாள்.

“அங்கே… பாடறதுக்கு வேற ஆளே இல்லீங்களா?”

“எலைக்கு வெலை இல்லாம எஸ்டேட்டை மூடினப்பவே பாதி லயம் திருப்பூருக்குப் போயிருச்சு மேடம். இப்ப அவங்க வரணும்னாலும் இ-பாஸ் கிடைக்கலை. மிச்சம் இருக்கற எங்க எல்லார் வீட்டுச் சாவுக்கும் வேலாயியக்காதான் பாடினாங்க. இன்னிக்கு அவங்க சாவுக்கும் அவங்களேதான் பாடணும்.”